நாங்கள் நலம்

செப்டம்பர் 8

அன்புள்ள பிழைதிருத்திக்கு,

நீங்களும் வாயாடியும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஆனால் இடுப்பு மட்டும், தான் ஒருத்தி இருப்பதை ஞாபகப்படுத்துகிறது.

இரண்டாம் வருஷம் ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் முழுக்க எலும்பு, நரம்பு என்று மனப்பாடம். இந்த வருஷம் காலையில் பாடம், மத்தியானம் பட்டறை. ஐந்தரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போகிறேன். முதல் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறேன். நான் இறங்க வேண்டிய இடம் அந்த டிரைவருக்குப் பழகிப்போய்விட்டது. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்து ஒரு கனைப்புக் கனைப்பார். போன செவ்வாய்க்கிழமை அவர் லீவு. நான் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், திரும்பி வந்து, வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்க்க உள்ளே நுழைந்தேன்.

பட்டறை வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். கால் போனவருடைய மிச்சக் காலில் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுப்பது, அந்த அச்சில் மாவு ஊற்றுவது, இறுகினதும் அரத்தால் ராவிச் சரிபண்ணுவது. அதன் மேல்தான் செயற்கைக் காலின் கூடு உட்காரும். நம் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக நான் செய்ததேதான். ஆனால் அங்கே கையால் செய்ததை இங்கே வாயால் சொல்லச் சொல்கிறார்கள். “ஏன் இந்த இடத்தில் ராவினாய்?” என்று ஆசிரியை கேட்கிறார். கைக்குத் தெரிகிறது என்று சொல்லலாம்; அதற்கு இந்த பாஷையில் என்ன வார்த்தை என்று தேடுவதற்குள் அவர் அடுத்த மேஜைக்குப் போய்விடுகிறார்.

மாவு தலையிலிருந்து போவதே இல்லை. என் அரைக்கு ஒரே ஒரு ஜன்னல். கூட இருப்பவள் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். நான் கதவைத் திறந்ததும் தலையைப் பார்த்துவிட்டு, கிழவி வந்தாச்சு என்று அவள் பாஷையில் சொல்கிறாள். நான் சிரிக்கிறேன். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. தினமும் ஒரே கலைப்பு.

வாயாடி இப்போதெல்லாம் என்ன பேசுகிறாள்? போனில் பேச வேண்டாம் என்று நாம் எடுத்த முடிவு சரிதானா என்று நடுநடுவே தோன்றுகிறது. நான் பேசி வைத்ததும் அவள் போனைத் திருப்பி அதன் பின்பக்கம் பார்ப்பாள் என்றும், அன்றைக்கு முழுக்க ஒரு பருக்கை உள்ளே இறங்காது என்றும் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் தைரியம் வரவில்லை. கடிதமே போதும். ஆனால் நிறைய எழுதுங்கள். உங்கள் கடிதங்கள் தந்தியை விடக் கொஞ்சம்தான் நீளம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இருவரும்.

உங்கள் கால்காரி

—

செப்டம்பர் 27

கால்காரிக்கு,

நாங்கள் நலம். உன் நலம் அறிந்தேன்.

முதலில் திருத்தங்கள். அறைக்கு வல்லின ‘ற’ போடு. அரை என்றால் இடுப்பு. அதற்கு ஜன்னல் வைக்க முடியாது. களைப்புக்கு ‘ள’. கலைப்பு என்றால் கூட்டத்தைக் கலைப்பது. மற்றபடி பிழை இல்லை. முன்னேற்றம்தான்.

வாயாடி பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அச்சகத்துக்கு வந்துவிடுகிறாள். என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, கழித்துப்போட்ட தாள்களில் எழுத்துப்பிழை தேடுகிறாள். போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘மணமகள்’ என்பது ‘மனமகள்’ என்று இருந்ததை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். முதலாளி அவளுக்கு ஒரு சிவப்புப் பேனா கொடுத்தார். அன்றிலிருந்து பால் கணக்கு நோட்டைக்கூட விட்டுவைப்பதில்லை.

முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அழவில்லை. நம் வீட்டுக் கூரை மேல் போடலாம் என்றேன். வேண்டாம், வைத்திருக்கிறேன் என்றாள். எங்கே வைத்திருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

தலை பின்னக் கற்றுக்கொண்டுவிட்டேன். இரட்டைப் பின்னலில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகிறது. எப்படியும் அவிழத்தானே போகிறது, விடுங்கள் அப்பா என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

பிழைதிருத்தி

—

அக்டோபர் 19

அன்புள்ள பிழைதிருத்திக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பதாக எழுதியதைப் படித்துச் சந்தோஷம். நானும் சுகம்தான். அறை, அறை, அறை என்று மூன்று தரம் எழுதிப் பார்த்துவிட்டேன், போதுமா?

அந்தப் பல்லை நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை என்று எழுதினால் சிரிப்பீர்கள். அந்தப் பல் முளைத்தபோது நான்தான் முதலில் விரலை விட்டுப் பார்த்து உங்களைக் கூப்பிட்டேன். விழும்போது நான் இல்லை.

சரி, இங்கத்திய கதை. எனக்கென்று முதல் ஆள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ரொட்டிக்கடைக்காரர். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஐம்பத்தைந்து வயசு இருக்கும், நின்றுகொண்டே வேலை பார்த்த மனுஷன். மாவுத் துணியைச் சுற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு, நீ நன்றாகப் பிசைகிறாய் என்றார். அச்சு முதல் தடவையிலேயே சரியாக வந்தது. ஆசிரியை அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வைத்தார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டு என்று அர்த்தமாம்.

அதற்கு அடுத்த நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இங்கே மூன்றாவதாக ஒரு வருஷம் உண்டு. குழந்தைகளுக்குக் கால் செய்வது மட்டும். வகுப்புக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள், உன் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். ஜனவரி 31க்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குள் என்ன ஓடியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குழந்தைக்கு எலும்பு வளரும். போன வருஷம் செய்த கால் இந்த வருஷம் பத்தாது. நம் ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்குச் செய்வதையே சின்னதாக்கிக் கொடுக்கிறோம். அது கடிக்கிறது, பிள்ளைகள் கழற்றி எறிந்துவிட்டு நொண்டியடித்துப் போகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தானே நான் இந்தப் படிப்புக்கே மனுப் போட்டேன். நம் பக்கத்தில் இதை முறையாகப் படித்தவர்கள் யாரும் இல்லை.

ஆனால் இன்னொரு வருஷம். வரும் ஜூலையில் வர வேண்டியவள் அதற்கடுத்த ஜூலையில் வருவேன். வாயாடிக்கு எட்டு வயசு ஆகியிருக்கும்.

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். சரி என்றாலும் எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

உங்கள் கால்காரி

—

நவம்பர் 16

கால்காரிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிப் பாடநூல் வேலை குவிந்துவிட்டது. நடுவில் வாயாடிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. இப்போது சரியாகிவிட்டது.

மழைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். ஆள் வைக்கவில்லை. வாயாடி எட்டுகிற உயரம் வரை அவள், அதற்கு மேல் நான். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரிகிறது. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் வருஷம் பற்றிக் கேட்டிருந்தாய். உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிழைதிருத்தி

—

டிசம்பர் 4

அன்புள்ள பிழைதிருத்திக்கு,

வாயாடிக்கு என்ன உடம்பு? “கொஞ்சம்” என்றால் எவ்வளவு? ஜுரமா, வயிறா? டாக்டர் என்ன சொன்னார்? முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள்.

போன கடிதத்தில் என் பிழை ஒன்றைக்கூட நீங்கள் திருத்தவில்லை. பிழையே இல்லையா, அல்லது படிக்கவே இல்லையா?

இன்னொன்று கேட்க வேண்டும். கேட்டால் பைத்தியம் என்பீர்கள், பரவாயில்லை. “எங்கள் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடா?

நாங்கள் நலம் என்று எழுதுவதை நான் சொல்லவில்லை. இங்கே இருக்கிற எனக்கு அங்கே இருக்கிற நீங்கள் அப்படித்தான் எழுத முடியும். ஆனால் வீடு? பெட்டியைத் திறந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று இருக்கின்றன. நம் வீட்டுக் குழாய், நம் தெரு, நம் வீட்டுக்கு வருகிற சாம்பல் பூனை, போன செப்டம்பரில்கூட நம் வீட்டுக் கூரை. எல்லாம் ‘நம்’தான். இந்த ஒரு கடிதத்தில் மட்டும் ‘எங்கள்’. நான் போய்ப் பார்க்கிற வீடு மாதிரி.

கூட இருப்பவள் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்றாள். அரைமணி நேரம் விளக்கினேன். இந்த பாஷையில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டு ஒன்று, வெளியே நிறுத்திவைத்து ஒன்று என்று நமக்கு இருப்பது அவளுக்குப் புரியவே இல்லை. வெள்ளை அடித்தது சந்தோஷமான விஷயம்தானே என்று கேட்டாள். தன்னையும் சேர்த்துச் சொல்கிறார்களா, சேர்க்காமல் சொல்கிறார்களா என்று இந்த ஜனங்கள் எப்படித்தான் தெரிந்துகொள்கிறார்களோ.

தவறுதலாக வந்துவிட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும், நான் தூங்கிவிடுவேன்.

மூன்றாம் வருஷத்துக்கும் “உன் இஷ்டம்” என்பது பதில் இல்லை. நான் கேட்டது உங்கள் இஷ்டத்தை.

கால்காரி

—

டிசம்பர் 22

கால்காரிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். வாயாடிக்கு வந்தது சாதாரண ஜுரம். நான்கு நாளில் போய்விட்டது.

நீ கேட்டது கைப்பிழை. அவசரத்தில் எழுதினேன். பெரிதுபடுத்தாதே.

வாயாடி தானே எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. நான் உதவவில்லை.

பிழைதிருத்தி

அம்மாவுக்கு,

நீங்க நலமா. நாங்க நலம். நான் இரண்டாம் வகுப்பு அ பிரிவு. எனக்குப் புதுப் பல் முளைச்சிடுச்சு. அது கொஞ்சம் கோணல். நாங்க வீட்டுக்கு வெள்ளை அடிச்சோம். என் சட்டை எல்லாம் வெள்ளை ஆயிடுச்சு. நீங்க எப்ப எங்க வீட்டுக்கு வருவீங்க.

உங்கள் மகள்

—

ஜனவரி 6

பிழைதிருத்திக்கு,

நலம் விசாரிக்கிற மனசில் இன்றைக்கு நான் இல்லை. சுகமாக இருப்பீர்கள். இருங்கள்.

நீங்க எப்ப எங்க வீட்டுக்கு வருவீங்க. அவள் எழுதிய இந்த வரியைப் படித்துவிட்டு நான் எப்படி இருப்பேன் என்று உறையை ஒட்டும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையா?

அவள் பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். “ஏய் அம்மா, இங்க வா” என்று வாசலில் நின்று கத்தி, எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்து, நீங்கள் அதட்டி, நான்தான் விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். அப்பாவுக்கு நீங்க, அம்மாவுக்கு நீ. எந்த வீட்டில் இல்லை இது? இப்போது எனக்கும் ‘நீங்க’ வந்துவிட்டது. மாடி வீட்டு வாடகைக்காரரிடம் பேசுகிற மாதிரி. யார் சொல்லிக்கொடுத்தது?

கைப்பிழையாம். ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி இல்லாவிட்டால் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற மனுஷனுக்குக் கைப்பிழை. நான் அறைக்கு இடையின ‘ர’ போட்டால் அது பிழை என்று தெரிகிறது, ‘நம்’ வர வேண்டிய இடத்தில் ‘எங்கள்’ போட்டால் தெரியவில்லையா? இதை நான் நம்ப வேண்டுமா?

கடிதம் வந்த அன்று பட்டறையில் ரொட்டிக்கடைக்காரரின் அச்சை ராவிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்துகிற இடத்தில் ராவவே கூடாது. முதல் வருஷத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ராவியிருக்கிறேன். மறுநாள் கூடு தயாராகி அவர் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. அந்த மனுஷர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். ஆசிரியை என்னைப் பார்த்து, நீ இன்றைக்கு வீட்டுக்குப் போ என்றார். எந்த வீட்டுக்கு?

அறைக்கு வந்து துணிகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அலுத்துவிட்டது. பஸ், மாவு, அகராதி, திரும்ப பஸ். எதற்காக ஓடுகிறேன் என்று தெரிந்தால்தான் ஓட முடியும்.

31ஆம் தேதி நான் பதில் சொல்ல வேண்டும். உண்மையை எழுதுங்கள். கூடுதல் தபால்தலை ஒட்டி விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

கால்காரி

—

ஜனவரி 17

கால்காரிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். ரொட்டிக்கடைக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது? உன் இடுப்பு வலி?

கைப்பிழை இல்லை. வேண்டுமென்றேதான் எழுதினேன்.

முதலில் “நம் வீட்டுக்கு” என்றுதான் கை போயிற்று. அதை அடித்துவிட்டு “எங்கள்” என்று எழுதினேன். அடித்தது தெரியக் கூடாதென்று வேறு தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன். நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும். கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். கண்டுபிடித்ததும் பயந்துபோய் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் கோபம். உன் மேல்தான். போய்விட்டு வா என்று பஸ் ஏற்றி அனுப்பியவன் நான்தான், இருந்தாலும் கோபம். அதை எழுத எனக்கு வரவில்லை. அடுத்தவன் எழுதியதைத் திருத்தித்தான் எனக்குப் பழக்கம். மூன்றாம் வருஷத்துக்குப் போகாதே என்று எழுத நினைத்தேன். அந்தப் பிள்ளைகளை எனக்கும் தெரியும். உன்னைக் கூப்பிட வரும்போதெல்லாம் அந்த வராந்தாவில் பார்த்திருக்கிறேனே. போ என்று எழுதவும் முடியவில்லை. அதனால் உன் இஷ்டம் என்று எழுதினேன். அது கோழைத்தனம்.

ஜுரத்தைப் பற்றியும் முழுதாகச் சொல்லவில்லை. நான்கு நாள் என்பது பொய். பதினோரு நாள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் படுக்கை. நீ பதறுவாய் என்று எழுதவில்லை. மூன்றாவது நாள் ஜுரம் ஏறி, கண் திறக்காமல் முனகினாள். யாருக்கு எங்கே வலித்தாலும் அம்மா என்றுதானே கத்துவார்கள்? நான்கூட விரலை நசுக்கிக்கொண்டால் அம்மா என்கிறேன். பக்கத்துக் கட்டிலில் எண்பது வயதுக்காரர், அவரும் அம்மா அம்மா என்றுதான் புலம்பினார். இவள் “அப்பா” என்று முனகினாள். ஆறு நாளும் அப்பாதான். முதல் நாள் எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நாள் பயம் வந்தது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை போய்விட்ட மாதிரி இருந்தது.

இனி அவள் கடிதம். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் பாடம் வந்தது. பெரியவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் ‘நீங்க’ போட வேண்டும், நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் ‘நீ’ போடலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். உனக்கு எழுத உட்கார்ந்தவள், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்:

“அப்பா, எனக்கு அம்மாவை நல்லாத் தெரியுமா?”

தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, உன் இஷ்டம். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘நீங்க’ என்று எழுதினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திருத்தவில்லை. அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன். என் கோபத்துக்கு அவளைத் தபால்காரி ஆக்கிவிட்டேன்.

இப்போது என் இஷ்டத்தைச் சொல்கிறேன். நீ வர வேண்டும். அதே சமயம் அந்தப் படிப்பை நீ விடவும் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்று தெரியும். நீ மூன்றாம் வருஷம் இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்; இனி சொல்லுக்குள் ஊசி வைக்க மாட்டேன். எதுவானாலும் என் எழுத்தைப் பார்த்து முடிவு பண்ணாதே.

என்னை மன்னித்துவிடு.

பிழைதிருத்தி

—

பிப்ரவரி 3

அன்புள்ள பிழைதிருத்திக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நானும் பரவாயில்லை. உங்கள் கடிதம் 27ஆம் தேதி வந்தது. முதல் தடவை படித்து உங்கள் மேல் எரிந்து விழுந்தேன், நல்லவேளை நீங்கள் பக்கத்தில் இல்லை. இரண்டாம் தடவை அந்தப் பதினோரு நாளில் வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அதே வாரம் நான் இங்கே யாரோ ஒருவருடைய முழங்காலை அளந்துகொண்டு இருந்திருக்கிறேன். இதை நீங்கள் மறைத்ததை நான் மன்னிக்க நாளாகும். அந்த ‘எங்கள் வீட்டை’ மன்னித்துவிட்டேன்.

31ஆம் தேதி மத்தியானம் ஆசிரியையிடம் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் கேட்டார். இந்த பாஷையில் எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து, என் மகள் என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள் என்றேன். அது நல்லதுதானே என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டேன்; அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். என் பெயரை அடித்துவிட்டு அடுத்த மேஜைப் பெண்ணின் பெயரை எழுதினார். அவளும் கெட்டிக்காரிதான். வியாழக்கிழமைகளில் குழந்தைகள் வருவார்கள், ஜூன் வரைக்கும் வந்து ஓரமாக நின்று பார்த்துக்கொள் என்றார். பார்ப்பது வேறு, படிப்பது வேறு. இருந்தாலும் போகிறேன்.

நீங்கள் ஜெயித்ததாக நினைக்க வேண்டாம். உங்களுக்காக வரவில்லை. வருத்தமில்லை என்றும் எழுத மாட்டேன். மூன்று நாள் அழுதேன். அந்த வராந்தாவில் நொண்டியடிக்கிற பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொரு வருஷம் இங்கே இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கால் செய்யத் தெரிந்துகொண்டு, என் பிள்ளையிடம் வாங்க, உட்காருங்க என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான்.

ரொட்டிக்கடைக்காரருக்குப் புதிதாக அச்சு எடுத்துக் கூடு மாற்றிவிட்டேன். போன வாரம் பன்னிரண்டு அடி நடந்தார்.

வாயாடிக்கு எழுதியதை நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். அவளே படிக்கட்டும்.

உங்கள் கால்காரி

வாயாடிக்கு,

உன் ஜுரம் எல்லாம் போய்விட்டதா? நன்றாகச் சாப்பிடுகிறாயா?

நீ ‘நீங்க’ என்று எழுதியது தப்பில்லை. எனக்கும் உன்னை இப்போது நன்றாகத் தெரியாது. இந்த ஊர்க்காரர்களுடைய காலையெல்லாம் நான் நூல் பிடித்து அளக்கிறேன். உன் செருப்பு எத்தனையாம் நம்பர் என்று தெரியாது. ஒரு தாளில் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. நான் ஜூலை மாதம் வருகிறேன். வந்துவிட்டுத் திரும்பப் போக மாட்டேன். அப்பாவிடம் காலண்டரில் வட்டம் போட்டுத் தரச் சொல். நீ என்னை ‘நீங்க’ என்றே கூப்பிடு. எத்தனை நாள் வேண்டுமானாலும் கூப்பிடு. நான் எழுந்து வருவேன்.

அம்மா

—

மார்ச் 2

அம்மாவுக்கு,

நீங்க நலமா. நாங்க நலம். உங்க லெட்டர் வந்துச்சு. நானே படிச்சேன். ‘நம்பர்’ மட்டும் அப்பாகிட்ட கேட்டேன்.

கால் வரைஞ்சு அனுப்பியிருக்கேன். ஒரு கால்தான் தாள்ல பிடிச்சுது. பென்சில் கூசிச்சு, அதனால சுண்டுவிரல் சரியா வரல. காலண்டர்ல வட்டம் போட்டாச்சு. அப்பா பென்சில்ல போட்டாங்க. நான் அது மேல பேனாவால போட்டுட்டேன்.

நான் உங்களுக்கு ‘நீ’ போட்டு ஒரு லெட்டர் எழுதி மிஸ்கிட்ட காட்டினேன். மிஸ் எல்லா ‘நீ’யையும் சிவப்பு மையில அடிச்சுட்டாங்க. எனக்கு அம்மாவை நல்லாத் தெரியும் மிஸ்னு சொன்னேன். அப்ப ஏன் அவங்க ஒரு தடவைகூட ஸ்கூலுக்கு வரலைன்னு கேட்டாங்க. அதனால திரும்ப ‘நீங்க’ போட்டு இதை எழுதுறேன். கோச்சுக்காதீங்க.

ஜூலைல வந்ததும் வேற எங்கயும் போகாம முதல்ல ஸ்கூலுக்கு வாங்க. இரண்டாம் வகுப்பு இல்ல, அப்ப நான் மூணாவது, மாடில. மிஸ்கிட்ட நீங்களே சொல்லணும், எனக்கு உங்களை நல்லாத் தெரியும்னு.

உடம்பைப் பாத்துக்கோங்க.

உங்கள் மகள்